பெரும்பாக்கத்துத் தண்ணீருக்கு எத்தனை பங்கு சோப்பு

மந்தைவெளி
13 ஆகஸ்ட் 2025

எஸ்தர்,

இந்தக் கடிதம் உன் அம்மாவின் மீன் கூடையில் வருகிறது. ஓரம் நனைந்திருந்தால் அதற்கும் சேர்த்து என்னைத் திட்டாதே. காலாண்டுத் தேர்வு முடியும்வரை என் போன் அம்மாவின் பீரோவுக்குள் இருக்கிறது. உன் வீட்டில் இருக்கிற ஒரே போன் விடிவதற்குள் உன் அம்மாவோடு சந்தைக்குப் போய்விடுகிறது. வேறு வழி இல்லை.

ஜூன் மாதம் நீங்கள் பட்டினப்பாக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு பெரும்பாக்கம் போனதிலிருந்து நீ எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று தெரியும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்த சோப்புக் குமிழி விளையாட்டைக் கணிதக் கண்காட்சியில் நான் ஸ்வர்ணலதாவோடு செய்து பரிசும் வாங்கினேன். சார்ட்டில் உன் பெயர் இல்லை. பள்ளியில் இப்போது படிப்பவர்கள் பெயரைத்தான் போடலாம் என்று மிஸ் சொன்னார்கள். நான் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் பேனா நின்றுவிடும்.

இன்று காலை உன் அம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கியபோது ஒரு செய்தி சொன்னார்கள். "எஸ்தரு பில்டிங் பசங்கள சேத்துகினு கணக்கு சொல்லிக் குடுக்கப் போவுது. சங்கத்து ஹாலு சாவி குடுத்துகிறாங்க. பசங்க ஒழுங்கா கத்துகினாதான் சாவி, இல்லாங்காட்டி சேர் அடுக்கப் போறாங்களாம்." எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதம் சொல்லிக்கொடுக்க நம் விளையாட்டைவிட நல்லது எது?

துணி சோப்பைத் துருவி வெந்நீரில் ஊறவைத்த கரைசல் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு பங்கு கரைசலுக்கு ஆறு பங்கு தண்ணீர். 1:6. ஒரு குழுவுக்குப் பாட்டில் மூடி, ஒரு குழுவுக்கு டீ டம்ளர், ஒரு குழுவுக்குக் கொட்டாங்குச்சி. அளக்கிற பாத்திரம் எதுவானாலும் ஆறு பங்கு என்றால் ஆறு பங்குதான், குமிழி ஒரே மாதிரி வரும். அந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தைப் பார். பழைய பிளாஸ்டிக் வளையலைக் குச்சியில் கட்டினால் ஊதுவதற்கு வளையம் தயார்.

நான் பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டேன். தப்பாது.

ஷண்முகப்ரியா


பெரும்பாக்கம்
17 ஆகஸ்ட் 2025

ப்ரியா,

தப்பாது என்று எழுதியிருந்தாய்.

நேற்று நாலு மணிக்கு ஹாலில் பதினாறு பிள்ளைகள். நீ எழுதினபடியே மூடி, டம்ளர், கொட்டாங்குச்சி. நானே பக்கத்தில் நின்று அளக்க வைத்தேன். உன் கரைசலில் ஆறு பங்கு தண்ணீரை ஊற்றினதும் அது திரிந்துபோனது. பால் திரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. வெள்ளை வெள்ளையாக மேலே மிதந்தது. காஷிஃப் என்று ஒரு பையன், விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சோப்பா மோரா?" என்றான். அவ்வளவுதான், ஹால் முழுக்க மோர் மோர் என்று ஒரே கத்தல். ஒருத்தன் கொட்டாங்குச்சியை ஏந்திக்கொண்டு, "மோரு, மோரேய்" என்று சுற்றி வந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

ஒரு குமிழிகூட என்பது சரியில்லை. மஹ்விஷ் என்று ஒரு பெண், மூன்றாம் வகுப்பு, ஆறாவது மாடி. அவள் டம்ளரில் மட்டும் குமிழி வந்தது. பெரிது பெரிதாக ஊதினாள். மற்றவர்கள், "அவ ஜாஸ்தி சோப்பு ஊத்திக்கினா அக்கா, சீட்டிங் பண்ணிட்டா" என்று சண்டைக்குப் போனார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கேட்டால் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அளவை மாற்றினால் விகிதம் எங்கே இருக்கிறது? வெளியே போ என்று சொல்லிவிட்டேன். போய்விட்டாள்.

சத்தம் கேட்டு வேதநாயகம் வந்தார். எங்கள் பிளாக் சங்கத்துக்குச் செயலாளர், சாவி அவருடையது. வாசலில் நின்று தரையைப் பார்த்தார். "இன்னாம்மா, கணக்குன்னு சொல்லி சாவி வாங்கினு போய் துணி தொவச்சிக்கினு கீறியா?" என்றார். முப்பதாம் தேதி வந்து பார்ப்பாராம். அன்றைக்குப் பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொண்டது தெரிந்தால் ஹால் எங்களுக்கு. இல்லையென்றால் சேரும் ஷாமியானாவும் உள்ளே வந்துவிடும். இங்கே மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் பிள்ளைகளுக்கு மாடிப்படியை விட்டால் உட்கார வேறு இடம் கிடையாது. உனக்கு அது புரியுமா என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நீ கண்காட்சியில் பரிசு வாங்கின அளவும் எனக்கு எழுதின அளவும் ஒன்றுதானா? இல்லை, எனக்கு மட்டும் வேறா?

எஸ்தர்


மந்தைவெளி
18 ஆகஸ்ட் 2025

எஸ்தர்,

உன் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அம்மா வந்து, "ஏட்டி, மீன்காரம்மா மக கடுதாசி போட்டா நீ ஏன் பட்டினி கெடக்க?" என்றாள். எழுந்து சமையலறைக்குப் போனேன். உனக்கு அனுப்பினதில் எனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். அதே கரைசல், அதே ஆறு பங்கு. குமிழி மின்விசிறிவரை போய் உடைந்தது. தம்பி கைதட்டினான். ஆகவே நேரான பதில் இது: அளவு ஒன்றுதான்.

கோபப்பட்டு நாலு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். ஏனென்றால் உன் கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாருடையதும் திரிந்தது, மஹ்விஷுடையது திரியவில்லை. அவள் சோப்பை அதிகம் ஊற்றினாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள், நீ பார்க்கவில்லை. நீ பக்கத்தில் நின்று அளக்க வைத்தேன் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அவள் எப்போது அதிகம் ஊற்றினாள்? சோப்பு பாட்டில் உன் கையில்தானே இருந்திருக்கும்?

அவளிடம் போய்க் கேள். சோப்பைப் பற்றிக் கேட்காதே. தண்ணீரை எங்கிருந்து எடுத்தாள் என்று கேள்.

நாளை உன் அம்மா எங்கள் தெருப்பக்கம் வரமாட்டார்கள், செவ்வாய்க்கிழமை இங்கே யாரும் மீன் வாங்குவதில்லை. புதன்கிழமைவரை எப்படிக் காத்திருப்பது என்று தெரியவில்லை. இதை எடுத்துக்கொண்டு இப்போதே சந்தைக்கு ஓடுகிறேன். அவர்கள் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

ப்ரியா


பெரும்பாக்கம்
20 ஆகஸ்ட் 2025

ப்ரியா,

அம்மா, "உன் சிநேகிதி மூச்சு வாங்க ஓடி வந்துச்சு, இன்னா விஷயமோன்னு பயந்துட்டேன். பாத்தா சோப்பு" என்று இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆறாவது மாடிக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. மஹ்விஷின் அம்மா நஸ்ருன்னிசா கதவைத் திறந்தார். மஹ்விஷ் என்னைப் பார்த்ததும் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் கெஞ்சினேன். நீ என்னைக் கெஞ்சிப் பார்த்திருக்கிறாயா? நானும் என்னைப் பார்த்ததில்லை.

கடைசியில் அவள் சொன்னது இதுதான். "பைப்பு தண்ணி கண்ணுல பட்டா எரியும்னு அம்மி திட்டும். குமிழி ஒடைஞ்சா கண்ணுல தெறிக்கும்ல? அதான் வூட்ல போய் கேன் தண்ணி எடுத்தாந்தேன். சோப்பு நீங்கதான் ஊத்தினீங்க."

நான்தான் ஊற்றினேன். அது நினைவுக்கு வந்ததும் எனக்குக் காது சுட்டது.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன். "நீங்க கத்தினீங்க" என்றாள். நஸ்ருன்னிசா அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

எங்கள் குழாயில் வருவது போர் தண்ணீர். குளித்தால் தலைமுடி சிக்கு விழும். குடத்தில் வெள்ளையாகப் படியும். வந்த முதல் வாரம் அம்மா குழம்பு வைத்துவிட்டுப் பருப்பு வேகவே இல்லை என்று அழுதாள். இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. பழகினதால் அது தண்ணீர் என்றே நினைத்துவிட்டேன், வேறு தண்ணீர் ஒன்று இருக்கிறது என்பது மறந்துபோனது. நீ எழுதின கடிதத்திலும் 'தண்ணீர்' என்றுதான் இருந்தது.

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சார்ட்டு விஷயம் வேறு, இது வேறு. இதில் நான் தப்பு.

ஆனால் இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. என்ன செய்வது சொல்.

எஸ்தர்


மந்தைவெளி
21 ஆகஸ்ட் 2025

எஸ்தர்,

அறிவியல் புத்தகத்தில் 'கடின நீர்' என்று ஒரு பத்தி இருக்கிறது. கடின நீர் சோப்புடன் எளிதில் நுரை தராது. அதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நீ மோர் என்று எழுதினபோது எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் பத்தியில் மோர் இல்லை.

வழி சுலபம். எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர் வருகிறது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஐந்தைந்து பாட்டில் நிரப்பி உன் அம்மாவிடம் கொடுக்கிறேன். திரும்பிப் போகும்போது கூடை காலியாகத்தானே இருக்கும்? பத்து பாட்டில் போதும். பதினாறு பேருக்கும் குமிழி வரும், வேதநாயகம் சார் வாயைத் திறக்க முடியாது.

நான் நேரில் வருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். "பரிச்சய வச்சுக்கிட்டு சோப்பு ஊத பெரும்பாக்கம் போறியோ? பேசாம இரிட்டி" என்றாள். அப்பாவிடம் கேட்கலாம் என்று அவர் வேலை பார்க்கிற தி.நகர் துணிக்கடைக்குப் போனேன். புடவைகளை மடித்துக்கொண்டே, "அம்மைட்டக் கேளு" என்றார். வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

இன்னும் பாட்டில் வேண்டுமென்றால் உடனே எழுது.

ப்ரியா


பெரும்பாக்கம்
24 ஆகஸ்ட் 2025

ப்ரியா,

நீ கொடுத்த ஐந்து பாட்டில் தண்ணீரை வெள்ளிக்கிழமை அம்மா இறக்கி வைத்தாள். "மீன் சொமந்த தலைல இப்போ தண்ணி வேற. நம்ம ஊட்ல தண்ணி இல்லியா?" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ நல்லதுக்குத்தான் அனுப்பினாய். ஆனால் யோசித்துப் பார். மந்தைவெளித் தண்ணீரில் குமிழி ஊதிக் காட்டினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? மந்தைவெளியில் நல்ல தண்ணீர் வருகிறது என்று கற்றுக்கொள்வார்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்த ஐந்து பாட்டிலையும் குடித்துவிட்டோம். சனிக்கிழமை அனுப்பின ஐந்தையும் நஸ்ருன்னிசா அக்காவுக்குக் கொடுத்தேன், பிரியாணிக்கு அரிசி நன்றாக வெந்ததாம். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று ஹாலில் பிள்ளைகளிடம், நம்ம தண்ணிக்கு எவ்வளவு சோப்பு வேணும்னு எனக்கும் தெரியாது, கண்டுபிடிக்கலாமா என்று கேட்டேன். மஹ்விஷும் வந்திருந்தாள். ஐந்து குழுவாகப் பிரித்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர். ஒரு பங்கு கரைசலுக்கு ஆறு பங்கு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று குழுவுக்கு ஒன்று. ஆறும் ஐந்தும் மோர். நாலில் வளையத்தில் சவ்வு மாதிரி நின்றது, ஊதினால் உடைந்தது. மூன்றில் முதல் குமிழி கிளம்பியது. வெளியே படிக்கட்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு கூச்சல். இரண்டிலும் வந்தது. ஆனால் மஹ்விஷ், "மூணுலயே வருதுன்னா ரெண்டு எதுக்கு? சோப்பு வேஸ்ட்டு" என்றாள்.

அப்புறம்தான் வினை. காஷிஃப் பெரிய மக்கைக் கொண்டு வந்து மூன்று மக்கு தண்ணீரைப் பிடித்து, அதில் ஒரே ஒரு டம்ளர் சோப்பை ஊற்றினான். மோர். "ஒன்னுக்கு மூணுதானே அக்கா? ஒன்னு ஊத்தினேன், மூணு ஊத்தினேன்" என்று என்னிடமே சண்டை போட்டான். எதால் ஒன்று, எதால் மூன்று என்று நான் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. புரியவைப்பதற்குள் கரைசல் தீர்ந்துபோனது. இரண்டு பாட்டிலும் காலி.

முப்பதாம் தேதிக்கு ஒரு சொட்டு இல்லை. இங்கே துருவி இந்தத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், அதுவே திரிகிறது. தண்ணீர் வேண்டாம் என்று பெரிதாக எழுதிவிட்டுச் சோப்பு கேட்கிறேன், சிரிக்காதே.

எஸ்தர்


மந்தைவெளி
27 ஆகஸ்ட் 2025

எஸ்தர்,

சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டோம் என்ற வரியில் முகம் சுருங்கியது உண்மை. இரண்டு நாள் அந்த வரியோடு சண்டை போட்டேன். நீ சொன்னது சரி. நான் விளையாட்டு ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன், நீ பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாய்.

கணக்கு போட்டேன். முன்பு ஏழு டம்ளர் குமிழித் தண்ணீரில் ஒரு டம்ளர் என் கரைசல். இப்போது நாலு டம்ளரிலேயே ஒன்று. பாதி பாட்டில் போதும் என்று நினைத்த இடத்தில் ஏறக்குறைய ஒரு பாட்டில் வேண்டும். ஆகவே நாலு பாட்டில் செய்திருக்கிறேன். சோப்பைத் துருவத் தேங்காய்த் துருவியை எடுத்துவிட்டேன். இன்று விநாயகர் சதுர்த்தி, அம்மா கொழுக்கட்டைப் பூரணத்துக்குத் தேங்காய் துருவ வந்தாள். மீதியை நீயே ஊகித்துக்கொள். பூரணம் நுரைக்கவில்லை, சரியான நேரத்தில் கத்திவிட்டேன்.

காஷிஃபை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வேதநாயகம் சார் அவனைக் கேள்வி கேட்டால்?

நாளை காலை உன் அம்மாவிடம் பாட்டில்களைக் கொடுத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோவிலில் கொடியேற்றம், சனிக்கிழமையும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் முப்பதாம் தேதி நடந்தது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். அதுவரை வரலாறு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை நாலு மணிக்கு என்னை நினைத்துக்கொள். இல்லை, வேண்டாம், காஷிஃபைப் பார்.

ப்ரியா


பெரும்பாக்கம்
31 ஆகஸ்ட் 2025

ப்ரியா,

வேதநாயகம் நாலு மணிக்கு வந்தார். கையில் பெயின்ட் பக்கெட். பிள்ளைகள் டம்ளரில் கலந்து ஊதிக் காட்டினார்கள். அவர் பார்க்கவே இல்லை. "டம்ளருக்கு நீ சொல்லிக் குடுத்து வெச்சிருப்ப. இந்த பக்கெட்டுக்கு சொல்லட்டும். எவ்ளோ சோப்பு, எவ்ளோ தண்ணி? நீ வாயத் தொறக்காத" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சரியாகக் காஷிஃபின் முன்னால் பக்கெட்டை வைத்தார்.

காஷிஃப் உடனே, "ஒரு மக்கு சோப்பு, மீதி தண்ணி" என்றான். நான் சுவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் ஊற்றப் போகும்போது மஹ்விஷ் மக்கைப் பிடித்துக்கொண்டாள். "இரு. பக்கெட்டு எத்தினி மக்கு புடிக்கும்னே தெரியாம எப்பிடி ஊத்துவ?"

"உனக்கு இன்னாடி? என்னைத்தான் கேட்டாரு."

"ஊத்து போ. மறுபடி மோரு குடி."

சிரிப்பு எழுந்தது. காஷிஃப் கையை எடுத்துவிட்டான். பிறகு அவனே தண்ணீரை மக்கில் மொண்டு மொண்டு ஊற்றி நிரப்பினான். எட்டு மக்கு. எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு வந்தான். "நாலு மக்குல ஒரு மக்கு சோப்பு. இன்னொரு நாலு மக்குல இன்னொரு மக்கு" என்று விரலை மடக்கினான். "ரெண்டு சோப்பு, ஆறு தண்ணி." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, மஹ்விஷைப் பார்த்தான். அவள், "ம்" என்றாள்.

அந்த அளவில் கலந்து, துணி மாட்டுகிற கம்பியை வளைத்து முக்கித் தூக்கினார்கள். வந்த குமிழி காஷிஃபின் தலையைவிடப் பெரியது. ஆடி ஆடிப் போய் வேதநாயகத்தின் சட்டைப் பையில் மோதி உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை, பயம்.

அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "யாரு சொல்லிக் குடுத்தா இத்த?" என்றார்.

"யாரும் இல்ல சார், நாங்களே ஊத்தி ஊத்திப் பாத்தோம்" என்றாள் மஹ்விஷ்.

ப்ரியா, எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாடி ஏறினது, கெஞ்சினது, நீ துருவினது, எல்லாம் யாரும் இல்லையா? வாயைத் திறக்கப் போனேன். திறக்கக்கூடாது என்று அவர் சொன்னது நினைவு வந்தது. அதற்குள் அவர்கள் இரண்டாவது குமிழிக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் கதவில் தொங்கின சாவியை எடுத்தார். கொடுக்கப் போகிறார் என்று கையை நீட்டினேன். தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "சாவி எங்கிட்டயே இருக்கட்டும். ஈரத்தோட பூட்டினு பூடுவீங்க. சனிக்கெழம நாலு மணிக்கு நானே வந்து தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சேர் வரவில்லை, ஷாமியானா வரவில்லை, சாவியும் வரவில்லை. ஜெயித்தோமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தரையைத் துடையுங்கள் என்றேன்.

இராத்திரி முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் இவர்கள் வாயைத் திறப்பார்களா? ஒரு நாள் அவர் வராவிட்டால் என்ன செய்வது? உன்னிடம் கேட்கலாம் என்று காலையில் இதை எழுத உட்கார்ந்தேன். இதற்கு மேலே இருக்கிற வரிவரை எழுதியபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

வேதநாயகம். அதே பக்கெட், வேறு ஒரு மக்கு. முழங்கைவரை நனைந்திருக்கிறார்.

"நேத்து அந்தப் பையன் எட்டு மக்குன்னானே? எங்க வூட்டு மக்குல ஏழரைதான் புடிக்குது. இப்போ சோப்பு எவ்ளோ?"

வாசலிலேயே நிற்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார். எனக்கு விடை தெரியும், சொல்லவில்லை. காஷிஃபையும் மஹ்விஷையும் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை.

எஸ்தர்